குழந்தைக்காகக் காத்திருக்கும் விசுவாசக் குடும்பங்களுக்கு: பதிவு முதல் ஞானஸ்நானம் வரை

நாங்கள் தத்தெடுக்கலாம் என்று முடிவெடுத்தபோது சபையில் யாரிடம் கேட்டாலும் "ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். அலுவலகத்தில் யாரிடம் கேட்டாலும் "வெயிட் பண்ணுங்க" என்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது, எந்தத் தாளை எப்போது எடுத்து வைப்பது, இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தால் ஆண்டவரிடம் என்ன பேசுவது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. பதிவு செய்த நாளிலிருந்து மகள் வீட்டுக்குள் வர எங்களுக்கு மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆனது. அதில் பாதித் துன்பம் தேவையே இல்லாதது, அதையாவது நீங்கள் படாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் நாகர்கோவில் பக்கம், சீர்திருத்த சபைக் குடும்பம். கத்தோலிக்கருக்கும் பெந்தெகொஸ்தேக்காரருக்கும் பழக்கவழக்கம் கொஞ்சம் மாறும், தாள்களும் விதிகளும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

1. எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று இருவரும் தனித்தனியே எழுதிப் பாருங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு ஆளுக்கொரு தாளில் எழுதினோம். நான் "ஒரு குழந்தை" என்று எழுதியிருந்தேன். என் கணவர் "டாக்டர் சொல்லும் அடுத்த சிகிச்சை" என்று எழுதியிருந்தார். ஏழு வருடம் ஒரே பாயில் முழங்கால் போட்டு ஜெபித்தவர்கள் நாங்கள், ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது இரண்டு வேறு காரியங்களை.

சிகிச்சையை எந்த மாதத்தோடு நிறுத்துவது என்று தேதி குறியுங்கள். தேதி குறித்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். சோதனைக் குழாய் சிகிச்சைக்கு ஒரு சுற்றுக்கு எங்களுக்கு இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. மூன்றாவது சுற்றுக்கு நகையை வைக்கலாமா என்று யோசித்தபோதுதான் நிறுத்தினோம்.

2. முதலில் பதிவு, உபவாசம் அப்புறம்

இந்தியாவில் தத்தெடுக்க மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில்தான் பதிய வேண்டும். ஆணையத்தைச் சுருக்கமாகக் 'காரா' என்பார்கள், தளத்தின் பெயர் 'கேரிங்ஸ்'. வரிசையில் உங்கள் இடம் பதிவு செய்த தேதியை வைத்துத்தான். இது தெரியாமல், "அடையாளம் காட்டும் ஆண்டவரே" என்று கேட்டுக்கொண்டே நாங்கள் பதினான்கு மாதம் பதியாமல் இருந்தோம். விரித்து வைத்த தோல் ஒரு நாள் ஈரமாகவும் மறுநாள் காய்ந்தும் இருக்கட்டும் என்று அடையாளம் கேட்ட கிதியோன் கூட இரண்டு ராத்திரியில் கிளம்பிவிட்டான். அந்தப் பதினான்கு மாதத்துக்கு நான் கர்த்தர்மேல் பழி போட முடியாது, அது எங்கள் பயம், ஜெபத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தது.

பதிவதால் எதுவும் கட்டாயமாகிவிடாது. ஆண்டவர் இந்தக் கதவை அடைக்க நினைத்தால், நீங்கள் அதைத் தட்டிய பிறகும் அடைப்பார்.

வயதுக் கணக்கு முக்கியம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90, 4 முதல் 8 வரை 100, அதற்கு மேல் 110. திருமணமாகி இரண்டு ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும். எங்கள் கூட்டுத்தொகை பதியும்போது 78. இன்னும் சில வருடம் அடையாளம் தேடியிருந்தால் கைக்குழந்தைக்கு வாய்ப்பே போயிருக்கும்.

3. கோப்பு

ஒரு கிளிப் ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள், ஐம்பது அறுபது ரூபாய். அதில் வைக்க வேண்டியவை: இருவரின் பிறந்த தேதிச் சான்று, பான் அட்டை, முகவரிச் சான்று, வருமானச் சான்று, திருமணச் சான்று, தீராத நோயோ தொற்றுநோயோ இல்லை என்ற மருத்துவச் சான்று, குடும்பப் புகைப்படம். இவற்றைப் பதிவு செய்த முப்பது நாளுக்குள் தளத்தில் ஏற்ற வேண்டும். வீட்டாய்வின்போது (சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பது) எங்களிடம் தெரிந்தவர்கள் இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதமும் கேட்டார்கள். ஒன்றைப் பக்கத்து வீட்டு இந்து டீச்சரிடம் வாங்கினோம், இன்னொன்றைச் சபை ஐயரிடம் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்).

நம் ஆட்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு, அதுதான் பெயர். ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட இன்னொன்று. என் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக. போதாக்குறைக்குச் சபைத் திருமணப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர் மட்டும். நான்கையும் மேசையில் பரப்பி வைத்தபோது நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு ஆளைக் கட்டியது போல இருந்தது. ஆதார் திருத்தம், பிரமாணப் பத்திரம், சபை அலுவலகத்தில் பதிவேட்டு நகல் என்று இரண்டரை மாதம் ஓடியது. பதியும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள், முப்பது நாள் போதாது. ஆங்கில எழுத்துக் கூட்டல் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒரு மூன்றாம் ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெயரில் உள்ள பிழை நம் கண்ணுக்குப் படாது.

பதிவில் கொடுத்த கைப்பேசி எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். காரணம் எட்டாவது படியில்.

4. பணம்

வீட்டாய்வுக்கு 6,000 ரூபாய். குழந்தை வரும் சமயம் பராமரிப்பு நிதியாக ஒரு தொகை, அரை லட்சத்தை ஒட்டி வரும். அப்புறம் குழந்தை வந்தபின் பார்வையிட வரும்போது கொஞ்சம். கட்டணப் பட்டியல் தளத்திலேயே இருக்கிறது, அதற்கு மேல் நன்கொடை என்று யாராவது கேட்டால் கொடுக்கத் தேவையில்லை, கேட்பதே தவறு.

நாங்கள் இழந்த பணம் வேறு இடத்தில். ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்தவர், கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருப்பவர்கள் விசுவாசத்தோடு ஒரு விதை விதையுங்கள், பத்து மாதத்தில் சாட்சியோடு வாருங்கள் என்றார். 25,000 ரூபாய் உறையில் வைத்துக் கொடுத்தேன், என் கணவருக்குச் சொல்லாமல். பத்து மாதம் கழித்துச் சாட்சி இல்லை, என் பக்கம்தான் ஏதோ பாவம் இருக்கிறது என்று இன்னும் ஆறு மாதம் அழுதேன். காணிக்கை கொடுங்கள், பொருத்தனையும் பண்ணுங்கள், அது உங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம். தேதி போட்டு ரசீது தருகிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

5. வீட்டாய்வு

ஆவணங்கள் ஏற்றிய அறுபது நாளுக்குள் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, புதுத் திரை மாட்டி, கேக் செய்து வைத்தேன். அந்த அம்மா கேக்கைத் தொடவில்லை. என் மாமியாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், அதுதான் நான் எதிர்பார்க்காதது.

கதவுக்கு வெளியே நின்று கேட்டேன், தப்புதான். "வேற வயித்துப் பிள்ளையை உங்க பேரப்பிள்ளைன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டதற்கு அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியலம்மா. வந்தாத்தான் தெரியும். மோசேயைத் தூக்கினவ மட்டும் பெத்தவளா?" என்றார். அறிக்கையில் என்ன எழுதினார்களோ தெரியாது, தேறிவிட்டோம்.

வீட்டிலுள்ள பெரியவர்களிடம் முன்னாலேயே பேசுங்கள், ஆனால் பதிலை மனப்பாடம் பண்ணிக் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகம் இருக்கிறது என்றே சொல்லட்டும். அப்புறம் ஒன்று, இந்த அறிக்கை மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். எங்கள் காத்திருப்பு மூன்று ஆண்டைத் தாண்டியதால் புதுப்பிக்க வேண்டி வந்தது, கடைசி நேரத்தில்தான் கவனித்தோம். பதிந்த அன்றே காலண்டரில் இரண்டரை வருடம் தள்ளிக் குறித்துவையுங்கள்.

6. நீண்ட நடுப்பகுதி

இனிமேல் செய்ய ஒன்றுமில்லை. உண்மையான காத்திருப்பு இங்கேதான் தொடங்குகிறது, இங்கேதான் நான் தடுமாறினேன்.

தளத்தில் வரிசையில் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கலாம். நான் தினமும் பார்த்தேன், சில நாள் நான்கு முறை. காலையில் வேதம் திறக்கும் முன்னே கைப்பேசியைத் திறந்தேன். ஒரு கட்டத்தில் அந்த எண்தான் எனக்கு வேதமாகிவிட்டது. பிறகு மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று, அவர் பார்த்துச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். முதல் இரண்டு மாதம் கை அரித்தது. மூன்றாவது மாதம் அவர் சொன்னபோதுதான் சம்பள நாள் வந்ததே ஞாபகம் வந்தது.

சபை. இதை எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை, அன்பாகத்தான் செய்கிறார்கள். "விசேஷம் ஏதும் உண்டா?" என்பது ஒரு பக்கம். ஜெபக் கூட்டத்தில் என்னைப் பார்த்ததும் 113-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை எடுப்பார்கள். 'மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி' என்று சத்தமாக வாசிப்பார்கள். ஆசீர்வாதம் அந்த வசனத்தின் இரண்டாவது சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது, முதல் சொல் என்மேல் விழுந்துவிடும். ஒரு நாள் போதகரின் மனைவி ஐயரம்மாவிடம் இதை நேராகச் சொன்னேன். அவர்களுக்கு முகம் சிவந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து ஜெபக்குறிப்பில் எங்கள் இருவர் பெயர் மட்டும்தான், விவரம் இல்லை. நீங்களும் யாராவது ஒருவரிடம் சொல்லிவிடுங்கள், எல்லோரிடமும் சொல்லத் தேவையில்லை.

அன்னையர் ஞாயிறு அன்று ஆராதனையில் தாய்மார்களை எழுந்து நிற்கச் சொல்லி ரோஜாப்பூ கொடுப்பார்கள். அன்றைக்கு வேறு சபைக்குப் போங்கள், அல்லது வீட்டிலேயே இருங்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை.

வாக்குத்தத்த அட்டை பற்றி. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த அட்டைகளைப் பிரிட்ஜில் ஒட்டிவைப்போம். ஒவ்வொரு வசனத்தையும் குழந்தையோடு முடிச்சுப் போட்டு, 'பலுகும்' (பெருகும்) என்று ஒரு சொல் வந்தால் இந்த வருஷம்தான் என்று கணக்குப் போட்டேன். வருஷம் முடியும்போது வசனமே பொய்த்தது போல ஆகிவிடும். அட்டையை எடுங்கள், ஒட்டுங்கள். எந்த மாதத்துக்குள் என்று அதன்மேல் நீங்களாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

என்ன ஜெபிப்பது? எனக்கு உதவியது 13-ஆம் சங்கீதம், ஆறே வசனம். எதுவரைக்கும், எதுவரைக்கும் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான் தாவீது, கர்த்தர் அவனை அதட்டவில்லை. அன்னாள் ஆலயத்தில் வாய் அசைய அழுதபோது வெறித்திருக்கிறாள் என்று ஏலி நினைத்தார், ஆசாரியருக்கே புரியவில்லை என்றால் பக்கத்து பெஞ்சுக்காரருக்கு எங்கே புரியும். கோபத்தைச் சொல்லிவிடுங்கள். நான் பாத்திரம் துலக்கும்போதுதான் அதிகம் பேசினேன், குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது.

என் ஜெபத்தைப் புரட்டிப்போட்ட காரியம் ஒன்று நடந்தது. அறிக்கை புதுப்பிக்க வந்த சமூகப் பணியாளரிடம், "ஏம்மா இவ்வளவு தாமதம், குழந்தைகள் தத்து மையத்தில் இருக்கத்தானே செய்யுது?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: பெற்றவர்கள் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பக் கேட்க அவர்களுக்கு அறுபது நாள் உண்டு. கைவிடப்பட்ட குழந்தை என்றால் பேப்பரில் படம் போட்டுத் தேடுவார்கள். இரண்டு வயதுக்குட்பட்டதாக இருந்தால் இரண்டு மாதம், அதற்கு மேற்பட்டதாக இருந்தால் நான்கு மாதம் என்று கால வரம்பு, அதற்குள் விசாரித்துத்தான் தத்துக்கு உரியது என்று அறிவிப்பார்கள். பதிந்தவர்களோ குழந்தைகளைவிடப் பல மடங்கு.

அன்று சாயங்காலம் கடையில் பருப்பு கட்டிக்கொடுத்த பேப்பரைப் பிரித்தேன், அப்படி ஒரு அறிவிப்பு அதிலேயே இருந்தது. ஒரு கைக்குழந்தையின் படம், தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிசு, எங்கே எந்த நாள் கிடைத்தது, உரிமை உள்ளவர்கள் தொடர்புகொள்ளலாம் என்று நாலு வரி. பருப்புத் தூசி ஒட்டியிருந்தது. இந்தப் பேப்பரை எத்தனை தடவை கசக்கிப் போட்டிருப்பேன்.

"சீக்கிரம், ஆண்டவரே" என்று நான் கேட்டதெல்லாம், எங்கோ ஒருத்தி தன் அறுபது நாளில் திரும்பி வராமல் இருக்கட்டும் என்று கேட்டதுதான். தெரியாமல்தான் கேட்டேன், ஆனாலும் கேட்டது அதுதான். இரண்டு வாரம் ஜெபிக்கவே முடியவில்லை. அப்புறம் அவளுக்காக ஜெபிக்க ஆரம்பித்தேன், பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவள் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்ல முதலில் வாய் வரவில்லை, "அவளுக்கு எது நல்லதோ" என்று மழுப்பினேன். மாதக்கணக்கில் மழுப்பிய பிறகு ஒரு நாள் முழுசாகச் சொல்ல வந்தது. காத்திருப்பு அதனால் குறையவில்லை. ஆனால் கர்த்தர் என்னைச் சும்மா உட்காரவைத்துச் சோதிக்கிறார் என்ற நினைப்பு அதோடு போனது. எனக்குத் தாமதம் என்று தோன்றிய நாட்கள் வேறொருத்திக்கு அவகாசம். அவளும் அவருக்குப் பிள்ளைதானே.

7. குறுக்குவழி வரும்

கட்டாயம் வரும், பக்தியான ஆட்கள் மூலமாகவே வரும். "ஆஸ்பத்திரியில் ஒரு பொண்ணு, கல்யாணம் ஆகாதவ, நாளைக்குப் பிரசவம், நேரா வாங்கிக்கலாம், ஆண்டவர் உங்களைத்தான் காட்டினார்" என்று எங்களுக்கே ஒரு சகோதரி போன் பண்ணினார். ஒரு தொகையும் சொன்னார், ஆஸ்பத்திரிச் செலவுக்காம்.

குழந்தையை விற்பதும் வாங்குவதும் சிறார் நீதிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினாலும் அது தத்து ஆகாது. இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது, நமக்கு வழி சிறார் நீதிச் சட்டம்தான். பின்னால் போலீஸ் வந்தால் குழந்தையைத் திரும்பக் கொண்டுபோவார்கள், அதுவரை அது உங்களை அம்மா என்று கூப்பிட்டிருக்கும்.

ஆபிரகாம் வாக்குத்தத்தம் பெற்றுப் புறப்பட்டபோது வயது 75, ஆகார் இஸ்மவேலைப் பெற்றபோது 86, ஈசாக்கு பிறந்தபோது 100. பிரசங்கத்தில், தன் அடிமைப்பெண் ஆகாரைக் கணவனுக்குக் கொடுத்த சாராளின் அவசரத்தைச் சொல்வார்கள். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்து போய் உட்கார்ந்தவள் ஆகார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. குறுக்குவழியின் செலவை அங்கே வேறொருத்திதான் கட்டினாள்.

போனை வைத்தபின் அவரும் நானும் ஒரு மணி நேரம் பேசிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஆசையே இல்லை, இதை மறைக்க விரும்பவில்லை.

8. நாற்பத்தெட்டு மணி நேரம்

உங்கள் முறை வரும்போது கைப்பேசிக்குச் செய்தி வரும். தளத்தில் குழந்தையின் படம், மருத்துவ அறிக்கை, குழந்தை பற்றிய விவர அறிக்கை இருக்கும். 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு முன்பதிவு செய்ய வேண்டும்.

எங்களுக்கு வந்தது ஞாயிறு ஆராதனை நேரத்தில். அன்று உபவாச ஜெபமும் சேர்ந்ததால் சாயங்காலம் வரை இருவர் போனும் அணைத்து வைத்திருந்தோம். எட்டு மணி நேரம் அங்கேயே போயிற்று. ஆராதனையில் போனைச் சத்தமில்லாமல் வையுங்கள், அணைக்காதீர்கள், கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவ அறிக்கையைக் காட்ட ஒரு குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருங்கள். எடை, தலைச் சுற்றளவு, பரிசோதனை முடிவு எல்லாம் இருக்கும், நமக்குப் புரியாது. எங்கள் டாக்டர் திங்கள் காலை பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "எடை கம்மி, சாப்பாடு போட்டா சரியாயிடும்" என்றார். ஒப்புக்கொள்வதா என்று அந்த நேரத்தில் அடையாளம் தேடாதீர்கள், அதற்குத்தான் மூன்று வருடம் இருந்தது. எந்த உடல்நிலைக் குறையை நம்மால் பார்த்துக்கொள்ள முடியும், எதை முடியாது என்று முன்பே உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். முடியாது என்று எழுதுவது பாவம் அல்ல.

9. வீட்டுக்கு வந்தபின் உள்ள தாள்கள்

மையத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்து, தத்துக் குழு முன் பேசி, எல்லாம் சரியானால் முதலில் முன்-தத்துப் பராமரிப்பாக, அதாவது தத்து ஆணை வருமுன்னே வளர்க்க, அனுப்புவார்கள். எட்டு மாதக் குழந்தை, பஸ் ஹாரனுக்குச் சிரித்தது, என்னைப் பார்த்து அழுதது. முன்பு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது, 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே தருகிறார், இரண்டு மாதக் கெடு. ஆணை வந்ததும் அதை வைத்து உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்று வாங்க வேண்டும். கையில் வாங்கும்போதே எழுத்துக் கூட்டலைப் பாருங்கள். மூன்றாவது படியை மறந்துவிடாதீர்கள், அவளுக்கும் நாளைக்குப் பான் அட்டை வரும். அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வருவார்கள், சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்.

ஞானஸ்நானத்துக்குச் சபையில் பிறப்புச் சான்றின் நகல் போதும், தத்து ஆணையைக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் ஐயர் பதிவேட்டில் தகப்பன் பெயர், தாய் பெயர் எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போது, அடைப்புக்குறிக்குள் 'தத்து' என்று போடட்டுமா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அத்தை, "எதுக்கு? இவ வந்தாச்சே" என்றார். அவர் பதிவேட்டை மூடி பீரோவில் வைத்துவிட்டார்.